பதினேழாம் அத்தியாயத்தில் செத்தவள்

தையலக்கா செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. அந்தச் செய்தி அவளுக்கே அடுத்தவர் சொல்லித்தான் தெரியவந்தது.

அப்போது சந்தையை ஒட்டிய சந்தில் அவளுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்து ஓரம் விடுவது, ஜன்னல் திரை தைப்பது, இவைதான் வேலை. ஒரு நாள் காலையில் திரைத்துணியோடு வந்த வங்கிக்காரப் பெண்ணின் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

“என்னம்மா, வீட்டுல சண்டையா?”

“இல்லக்கா. ஒரு நாவல் படிச்சேன். அதுல ஒரு அக்கா வர்றா. அப்பா இல்லாத வீடு. தம்பியைப் படிக்க வைக்கிறதுக்காக மெஷினே கதின்னு கிடக்குறா. இருமி இருமி ரத்தமா கக்குறா. விடிஞ்சா தம்பிக்குப் பரீட்சை. அவனுக்குப் புதுச்சட்டை தைக்கிறா. மூணாவது பொத்தான் வைக்கப் போறப்ப, ஊசி கையிலயே இருக்கு, அப்படியே சாஞ்சுடுறா. அவன் அந்தப் பொத்தான் இல்லாத சட்டையோடயே பரீட்சைக்குப் போறான்கா.”

“அட பாவமே,” என்றாள் தையலக்கா, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே. “யாரு எழுதினது?”

வங்கிக்காரப் பெண் பெயரைச் சொன்னாள். “அத்தனையும் அவரோட சொந்தக் கதையாம்கா. பேட்டியிலயே சொல்லியிருக்காரு.”

குண்டூசி தொண்டைக்குள் இறங்காமல் தப்பியது பெரிய காரியம். அது அவளுடைய தம்பியின் பெயர்.

அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவள் அவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் எடுத்துவிட்டால் ஒரு கால்புள்ளியைக்கூடத் தாண்டிப் போகமாட்டாள். புத்தகத்தை வாங்கி, கடையில் ஆள் இல்லாத நேரங்களில் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். மழைக்காலம் தொடங்கியபோது எடுத்த புத்தகத்தில், மழை ஓய்கிற சமயத்தில்தான் பதினேழாம் அத்தியாயத்துக்கு வந்து தன் சாவைத் தானே பார்த்தாள்.

மெஷினில் உட்கார்ந்தது உண்மை. தம்பியைப் படிக்க வைத்ததும் உண்மை. மற்றதெல்லாம் அவன் சேர்த்த சரக்கு. அவளுக்கு உடம்பு தேக்குக் கட்டை. தும்மினால் பக்கத்து வீட்டுப் பூனை ஓடும். இருமியது என்பது கிடையாது. இருமியவன் அவன். குளிர் வந்தால் ஓட்டைத் துருத்திபோல இருமி வீட்டையே தூங்கவிடாத பயல், அந்த இருமலைப் பிரித்தெடுத்து அக்காவின் நெஞ்சில் வைத்துத் தைத்துவிட்டான்.

சாகடித்ததைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொண்டாள். எல்லோரும் ஒரு நாள் போகிறவர்கள்தானே, இவன் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பிவிட்டான். பொறுக்க முடியாதது அந்தப் பொத்தான். அவள் கையிலிருந்து ஒரு சட்டை பொத்தான் குறைந்து வெளியே போனதாம்! பொத்தானின் நான்கு துளைகளிலும் இரட்டை நூல் ஓட்டி, அடியில் கழுத்துப்போலச் சுற்றி இறுக்கி, முடிச்சை உள்பக்கம் மறைக்கிறவள் அவள். சட்டை கிழிந்தாலும் பொத்தான் கழலாது. உயிர் போகிறது என்றால், ‘கொஞ்சம் இரு, இதை முடிச்சுட்டு வர்றேன்’ என்று அதை நிறுத்தி வைத்துவிட்டு வேலையை முடித்திருப்பாள். இதை அவனைவிட நன்றாக அறிந்தவன் யார்?

நாடு வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. நாவல் நாடகமாயிற்று, விருது வாங்கிற்று, பள்ளிப் பாடப்புத்தகத்திலும் ஏறி உட்கார்ந்தது. எழுத்தாளரின் பிறந்தநாளன்று சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பிய்த்துவிட்டு வெளியே வருவது வாசகர்களுக்கு வழக்கமாயிற்று. அக்காவுக்கு அஞ்சலியாம். தையலக்கா அவர்களுக்குப் பொத்தான் கட்சி என்று பெயர் வைத்தாள். பிறந்தநாளுக்கு மறுநாள் கட்சிக்காரர் ஒருவர் அவள் கடைக்கே வந்து, பிய்த்த பொத்தானை வைத்துத் தரச் சொன்னார்.

“எதுக்குப் பிச்சீங்க?”

“ஒரு பெரிய ஆத்மாவோட நினைவாம்மா.”

“அந்த ஆத்மாவே நேர்ல வந்து வச்சுக் கொடுத்தா?”

“அந்தப் பாக்கியமெல்லாம் நமக்கு ஏது?” என்று அவர் பெருமூச்சு விட்டார்.

அவள் பொத்தானை வைத்துக் கொடுத்தாள். அவர் பையை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. இருக்கிறவள் எதற்குச் சாட்சி தேட வேண்டும்? தம்பிக்கும் போன் செய்யவில்லை. தப்பு செய்தவன்தான் முதலில் பேச வேண்டும் என்பது அவள் கணக்கு. அவன் பேசவில்லை. கட்டிய கணவன் போய்ச் சேர்ந்தபோதும் வரவில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆனபோதும் வரவில்லை. செத்தவள் வீட்டு விசேஷத்துக்கு எப்படி வருவது?

எழுதுகிற கை நடுங்கத் தொடங்கியதும் அந்தப் பெரிய மனிதர் வாயால் வாழத் தொடங்கினார். குடித்தார். மேடை கிடைத்த இடத்தில் எல்லாம் இளம் எழுத்தாளர்களைத் திட்டினார். திட்டியது அச்சில் வராவிட்டால் பத்திரிகையைத் திட்டினார். பழைய நண்பர் ஒருவர் மேல் வழக்குப் போட்டு, எதற்குப் போட்டோம் என்பதை நீதிமன்றத்தில் மறந்துபோனார். தலைக்குப் பூசிய கறுப்புச் சாயம் வியர்வையில் கரைந்து காதோரம் வழிய, தொலைக்காட்சியில் உட்கார்ந்து உண்மையைப் பற்றிப் பேசினார். முதல் மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போனாள். இரண்டாவது மனைவி அதைக்கூட வாங்காமல் போனாள், அவ்வளவு அவசரம். கடைசியில் அவர் பெயரில் வந்ததெல்லாம் பிறத்தியார் புத்தகங்களுக்கு முன்னுரை. அதையும் சீடர்கள் எழுதினார்கள். இவர் கையெழுத்து போட்டார். கையெழுத்தும் சரியாக விழாதபோது அதையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

ஒரு நாள் கடையைப் பூட்டப் போகிற நேரத்தில் போன் மணி அடித்தது.

“அக்கா, குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். வீட்டுல யாருமே இல்ல.”

“செத்தவளுக்குப் போன் போட்டா மணி அடிக்குதே, உனக்கு ஆச்சரியமா இல்ல?”

மறுமுனையில் அழுகை. சின்ன வயசிலிருந்தே அவனுக்கு அது கைவந்த கலை. தையலக்கா போனை வைத்துவிட்டு வண்டி பிடித்தாள்.

மூன்றாம் மாடியில் அவன் வீடு. முன்னறை முழுக்கப் புத்தகம், அதன்மேல் விருதுகள், அதன்மேல் தூசி. குளியலறைத் தரையில் துண்டோடு கிடந்தவனை ஒரு துணிக்கட்டைத் தூக்குவதுபோலத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். சமையலறையில் கழுவாத கோப்பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. கையைத் துடைத்துக்கொண்டு அவற்றைக் கழுவ ஆரம்பித்தவள், அந்த மாதக் கடைசியில் கடையைக் காலி செய்து, மெஷினை அந்த வீட்டின் பின்னறைக்கே கொண்டுவந்து போட்டாள். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளின் ஜிப்பும் ஓரமும் தேடி வந்தன. கட்டடத்துக்கே அவள் தையலக்கா ஆனாள்.

வெளியூரிலிருக்கிற மகள் போனில் கத்தினாள். “அம்மா, உனக்குச் சூடு சொரணை கிடையாதா? மாமா உன்னைப் பொணமாக்கிப் புத்தகம் போட்டவரு. அவருக்கு நீ கால் கழுவி விடுறியா?”

“விழுந்தவனை அப்படியே விட்டுட்டு வந்துடவா?”

“அவரோட சீடப்பிள்ளைங்க எங்க போனாங்க?”

“அவங்க அழுறதுக்கு வருவாங்கடி. தூக்குறதுக்கு வரமாட்டாங்க.”

அழுவதற்கு முதலில் வந்தவர் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவர். சீடர்களில் மூத்தவர். எழுத்தாளர் என்ன சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவார் என்பதால் அவருக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தாள். கதவைத் திறந்த அவளைப் பார்த்து, “நீங்க?” என்று கேட்டார்.

தையலக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தவன் விட்டத்தைப் பார்த்தான்.

“வீட்டைப் பாத்துக்கிற அம்மா,” என்றான்.

“ரொம்ப நல்லதும்மா. ரெண்டு டீ போடுங்க,” என்றார் தலையாட்டி.

சாயங்காலம் அவன் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். “ஏன்டா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? எதுக்கு என்னைக் கொன்னே?”

“நான் கொல்லலக்கா. கதை கேட்டுச்சு.”

“கதை கேட்டா எடுத்துக் கொடுத்துடுவியா? நாளைக்கு அது உன் மூக்கைக் கேட்டா?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

“புரியுது. மூக்கைக் கேட்டிருந்தா கொடுத்திருக்கமாட்டே. ஆட்டாதே காலை.”

காலை ஆட்டுவதை நிறுத்தினான். பிறகு மெதுவான குரலில் சொன்னான். “எத்தனை பேட்டியில அழுதிருக்கேன். விருது வாங்குன மேடையிலயும் அழுதேன். இப்பப் போய் இதோ எங்க அக்கான்னா, நான் பொய்யன்னு ஆயிடும்.”

“ஆயிடும் இல்ல. ஆயாச்சு. ஊருக்குத் தெரியல, அவ்வளவுதான்.”

“சொல்றேன்கா. நேரம் பாத்து நானே சொல்றேன்.”

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நாடு முழுக்கத் தெரிய வேண்டாம், பாடப்புத்தகத்தைத் திருத்த வேண்டாம். ஒரே ஒரு ஆள் முன்னால், அவன் வாயால், ‘இவ என் அக்கா’ என்று வர வேண்டும். தானாகப் போய்ச் சொல்லிக்கொள்ள அவளுடைய கௌரவம் இடம் தராது. அறிமுகம் செய்ய வேண்டியது கொன்றவன் பொறுப்பு.

யாராவது வருவதும், தம்பி விட்டத்தைப் பார்ப்பதும், அவள் டீ போடுவதுமாக ஒரு வருஷம் ஓடிற்று. அதற்குள் அவன் போட்டிருக்கிற சட்டையையே மறுபடியும் தேடத் தொடங்கினான். டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, மறதி நோய் என்றார். “முகங்களும் ஒவ்வொண்ணா மறந்துபோகும்மா. சமீபத்துல பாத்தவங்க முதல்ல போவாங்க. பழசு கடைசி வரைக்கும் நிக்கும்.”

தையலக்காவுக்கு அதைக் கேட்டுக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவனுக்கு அவளைவிடப் பழசு யார் இருக்கிறார்கள்? அம்மா இல்லை, அப்பா இல்லை. பொத்தான் கட்சி எல்லாம் போய்விடும், தலையாட்டி போய்விடுவார், கடைசியில் அவள் மட்டும் நிற்பாள். கணக்கு சரிதான். அவன் தன் பழசை எல்லாம் புத்தகத்தில் மாற்றித் தைத்துப் போட்டிருந்தான் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள்.

ஒரு காலையில் அவனுக்குச் சட்டை மாட்டிவிடும்போது சொன்னான். “எங்க அக்கா மட்டும் இருந்திருந்தா நான் இப்படிக் கெட்டுப்போயிருக்கமாட்டேன்.”

அவள் கை நின்றது. “இருந்திருந்தா என்ன பண்ணுவா?”

“உன்னை மாதிரி இப்படிப் புடிச்சு இழுக்கமாட்டா. அவ கை பூ மாதிரி இருக்கும்.”

“பூவா? மெஷின் ஓட்டுற கையில ஊசிக் காய்ப்பு இருக்காதா?”

“எங்க அக்காவுக்கா, காய்ப்பா?” அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். “நீ அவளைப் பாத்தது இல்லம்மா. அவ தேவதை. பாவம், ரொம்ப இருமுவா.”

மூக்கு நுனியில் கண்ணீர் தொங்கியது. அழுகையில் அவனுக்கு இருக்கிற கைவண்ணத்தை அறிந்தவள் அவள். இது அந்த அழுகை இல்லை. நிஜமாகவே அக்காவுக்காக அழுதான். அந்த அக்கா அவன் காலரைச் சரிசெய்துகொண்டு எதிரே நின்றாள்.

கீழே கட்டட வாசலில் பெட்டி போட்டிருக்கிற இஸ்திரிக்காரரிடம் அன்று வாய்விட்டே சொன்னாள், மேலே இருப்பது தன் கூடப்பிறந்த தம்பி என்று.

அவர் சட்டைக் கையை மடித்துத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். “என்னக்கா, காலங்காத்தால தமாஷ் பண்றீங்க? எங்க பாப்பா பாடத்துலயே இருக்கு, அவங்க அக்கா செத்துட்டாங்கன்னு. போன பரீட்சையில அதுக்கு அஞ்சு மார்க்.”

“பாடத்துல இருந்தா?”

“நீங்க சொல்றது நிஜம்னா அந்த அஞ்சு மார்க்கைத் திருப்பிக் கொடுக்கணுமே! ஏற்கெனவே அவ எடுத்தது பதினெட்டு.”

“நீ தேய், தேய். காலர் கருகுது பாரு.”

அடுத்த பிறந்தநாள் நெருங்கியபோது தலையாட்டி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். நூலக மண்டபத்தில் பெரிய விழாவாம். அக்காவின் உருவப்படம் ஒன்றை ஓவியர் ஒருவர் கற்பனையில் வரைந்திருக்கிறாராம். ஐயாவே அதைத் திறந்து வைப்பாராம்.

“அம்மா, நீங்க நல்லாத் தைப்பீங்கன்னு கீழே சொன்னாங்க. படத்துக்கு ஒரு திரை வேணும். கயிறை இழுத்தா ரெண்டு பக்கமும் விலகணும்.”

செல்போனில் படத்தைக் காட்டினார். கொடிபோல ஒரு பெண். மான் கண். கழுத்து எலும்பு தெரிய, கையில் ஊசியோடு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறாள்.

“ஊசியைக் கையில வச்சுக்கிட்டு வெளிய என்ன வேடிக்கை? விரல்ல குத்தாது?” என்றாள் தையலக்கா. “உடம்புல சதையே காணோம். சோறு போடலையா இவளுக்கு?”

“காசநோய்ம்மா,” என்றார் தலையாட்டி, நோய்க்கே மரியாதை கொடுக்கிற குரலில்.

அந்த நேரத்தில் அவளுடைய கௌரவம் ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டது. “அந்த அக்கா நான்தான்,” என்றாள்.

தலையாட்டி அவளையே பார்த்தார். அவர் கண் கலங்கியது. மெல்லத் தலையாட்டினார். “புரியுதும்மா. ஐயாவோட எழுத்துக்கு அப்படி ஒரு சக்தி. என் மாணவிங்க எத்தனை பேரு, ‘நான்தான் அந்த அக்கா’ன்னு விடைத்தாள்ல எழுதியிருக்காங்க தெரியுமா? நீங்க படிக்காதவங்க. உங்களையே இப்படித் தொட்டிருக்குன்னா...” மேலே பேச முடியாமல் மூக்கைச் சிந்தினார். “திரை நீல நிறத்துல இருக்கட்டும்மா.”

கயிறு பாதியில் சிக்கிக்கொள்ளும்படி தைத்திருக்கலாம். அந்த நினைப்பு வராமலும் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு பொத்தான் பழி அவள் தலைமேல் இருக்கிறது. நீலத் துணியை நனைத்துச் சுருக்கம் எடுத்து, சம மடிப்பு வைத்து, வளையங்களுக்கு உள்பட்டி கொடுத்து, அடி ஓரத்தில் கனத்துக்குச் சங்கிலி கோத்து, இரண்டு விரலால் இழுத்தால் விலகுகிற மாதிரி தைத்துக் கொடுத்தாள். தன் படத்துக்குத் திரை தைத்துக் கொடுத்த செத்தவள் உலகத்தில் வேறு எவளும் இருக்கமாட்டாள்.

உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது. இல்லாத ஒருத்தியைக் கண் முன்னால் காட்டும்போது, ‘இது எங்க அக்கா இல்லையே’ என்று அவனுக்குப் பொறி தட்டாதா? விழா நாள் காலையில் அவன் தெளிவாக இருந்தான். தானே பல் தேய்த்தான். “நான் யாருடா?” என்று கேட்டதற்கு, “என்ன கேள்வி இது?” என்று சிடுசிடுத்தான். அந்தச் சிடுசிடுப்பு அசல் தம்பியுடையது. அவள் தன் நல்ல கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மாத்திரையும் தண்ணீரும் மாற்றுடையும் வைத்த பையோடு கிளம்பினாள்.

மண்டபம் நிறையப் பொத்தான் கட்சி. அத்தனை சட்டைகளும் நடுவில் பிளந்து, உள்ளே பனியன் தெரிந்தது. தையலக்காவுக்குக் கை துறுதுறுத்தது. மேடை ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், ஐயாவுக்கு அவசரம் என்றால் அழைத்துப் போவதற்கு.

பேச்சுகள் நடந்தன. அக்காவின் இருமலைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசினார். இருமியவன் முன்வரிசை நாற்காலியில் தூங்கி வழிந்தான். பிறகு அவனை எழுப்பி நிறுத்தி, கயிற்றைக் கையில் கொடுத்து, ஒலிபெருக்கியைப் பக்கத்தில் வைத்தார்கள். இழுத்தான். திரை கத்தி பட்ட வெண்ணெய்போல விலகியது.

எல்லோரும் கைதட்டினார்கள். அவன் படத்தைப் பார்த்தான். நெருங்கிப் போய்ப் பார்த்தான்.

“யாரு இந்தப் பொண்ணு?”

கைதட்டல் நின்றது. “ஐயா, உங்க அக்காதான்யா,” என்றார் தலையாட்டி.

“எங்க அக்காவா இது? இல்லையே.” அவன் தலையை அசைத்தான். “எங்க அக்கா எங்க? அவளைக் கூப்பிடுங்க.”

தையலக்கா எழுந்துவிட்டாள். மடி மேலிருந்த பை கீழே விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு பேர் முன்னால், ஒலிபெருக்கி முன்னால். நாலே எட்டில் அவனுக்கு எதிரே போய் நின்றாள்.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். “நீ இல்லம்மா. நீ வீட்டைப் பாத்துக்கிற அம்மா. எங்க அக்காவைக் கூப்பிடு.” ஒலிபெருக்கி அதைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவன் உதடு கோணிற்று. “செத்துட்டாளா? நிஜமாவே செத்துட்டாளா? நீயாவது சொல்லேன்.”

மண்டபத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் தவிர வேறில்லை. அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் அவன் அங்கேயே விழுந்துவிடுவான். இதோ நான்தான் என்றால் பைத்தியம் என்று அவளை ஒதுக்கிக் கூட்டிப்போவார்கள், அவனும் நம்பமாட்டான். இத்தனை நாள் அவள் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் தொண்டை வரை வந்தது. அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

“யாரு சொன்னா செத்துட்டான்னு? வீட்டுல இருக்கா. சாப்பாடு வச்சுக்கிட்டு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா. வா, போகலாம்.”

“நிஜமா?”

“நிஜமா.”

“அப்ப இவ்வளவு நேரம் இங்க என்ன பண்றோம்?” என்று அவன் கூட்டத்தை முறைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

முதலில் யாரோ ஒருவர் கைதட்டினார், பிறகு மண்டபமே எழுந்து நின்று தட்டியது. “என்ன ஒரு சமயோசிதம் அந்த அம்மாவுக்கு!” என்று முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தாள். தையலக்கா விழுந்த பையைப் பொறுக்கிக்கொண்டு அவனை வாசலுக்கு நடத்தினாள்.

தலையாட்டி தன் காரில் கொண்டுவந்து விட்டார். மாடி வரைக்கும் கைத்தாங்கலாக வந்தார். வழியெல்லாம் அவன், “அக்கா திட்டுவா, லேட்டாயிடுச்சு,” என்று ஒரே புலம்பல். தையலக்கா கதவைத் திறந்ததும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டான்.

“எங்க? உள்ள இருக்கான்னு சொன்னே. கூப்பிடு அவளை.”

“உள்ள வா, கூப்பிடுறேன்.”

“கூப்பிடு. அப்பத்தான் வருவேன்.”

அவள் உள்ளே போனாள். சமையலறையில் போய்ச் சும்மா நின்றாள். என்ன செய்வது என்று ஒன்றும் ஓடவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் காலையில் வைத்த சாப்பாட்டைச் சூடேற்றினாள். வேர்த்தது. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டாள். வாசலில் அவன் இன்னும் முனகிக்கொண்டிருந்தான். அவளுக்கு எரிச்சல் வந்தது. கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

“எவ்வளவு நேரம்டா? ஊரைச் சுத்திட்டு வர்ற நேரமா இது? சூடு பண்ணினது மறுபடியும் ஆறணுமா?”

அவன் முகம் அப்படியே விரிந்தது.

“அக்கா!” இரண்டு கையாலும் அவளுடைய காய்த்துப்போன கையைப் பிடித்துக்கொண்டான். “எங்க போயிட்டே நீ? அந்தப் பொம்பளை என்னை எங்கேயோ கூட்டிட்டுப் போயிட்டாக்கா. ஒரே கூட்டம். எவளோ ஒருத்தி படத்தைக் காட்டி நீன்னு சொல்றாங்க.”

தலையாட்டி கதவோரத்தில் நின்று கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். “பிரமாதம்மா. நிஜ அக்கா மாதிரியே பேசுறீங்க. அப்படியே பதினேழாம் அத்தியாயம்.”

அவன் திரும்பிப் பார்த்தான். “யாருடா நீ? எங்க அக்காகிட்ட மரியாதையாப் பேசு.”

“சரிங்கய்யா,” என்று தலையாட்டி தலையாட்டினார். அவளைப் பார்த்து, புரிகிறது என்பதுபோல ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

ஒரே ஒரு ஆள் முன்னால், அவன் வாயால். கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த ஆளைத் தையலக்கா ஒரு முறை தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். நடுவில் பிளந்த சட்டை, தொங்குகிற நூல்.

“நேரமாச்சு, கிளம்புங்க,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அவன் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டான். அவள் தட்டோடு எதிரே உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்கு வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.

“அந்தப் பொம்பளை சரியில்லக்கா. தலை சீவினா பிடுங்குறா. சட்டையை இறுக்குறா. எப்பப் பாத்தாலும் திட்டு.”

“ஆமாடா, வாய் ஜாஸ்திதான் அவளுக்கு.”

“சூடா இருக்கு, ஊது. அவ ஊதாமலே கொடுப்பா.”

“அவளுக்கு அறிவு கிடையாது,” என்று தையலக்கா கரண்டியை வாய்ப்பக்கம் கொண்டுபோய் ஊதினாள்.

“நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடு.”

“சொல்லிடுறேன். நீ முதல்ல வாயைத் திற.”